திறந்த டப்பாக் குறி

சருமப் பூச்சுகளின் உறையில், மூடி திறந்த டப்பா ஒன்றின் படமும் கூடவே '6எம்', '12எம்' என்ற எழுத்தும் இருக்கும். முதல்முறை திறந்தபின் எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பதற்கான குறி இது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1223/2009 ஒழுங்குவிதிப்படி, 30 மாதத்துக்கு மேல் கெடாத பொருள்களில் காலாவதித் தேதிக்குப் பதிலாகப் பெரும்பாலும் இதுதான் அச்சாகிறது. இந்தியாவில் தேதி கட்டாயம். ஆனால் அது திறக்காத டப்பாவுக்கான கணக்கு.

திறந்ததும் காற்றும் விரலும் உள்ளே போகின்றன. தண்ணீர் கலந்த கிரீமில் ஈர விரல் பட்டால் பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருக இடமாகும். வாயகன்ற டப்பாவைவிடப் பம்பு வைத்த குப்பி மேல். வைட்டமின் சி சீரத்துக்கு எமன் ஆக்சிஜன். நிறமற்ற திரவம் மஞ்சளாகி, பிறகு தேநீர் நிறத்துக்கு வந்தால் அதிலுள்ள வைட்டமின் சி (அஸ்கார்பிக் அமிலம்) சிதைந்துவிட்டது. கருங்குப்பியும் இறுகிய மூடியும் ஃப்ரிட்ஜும் அதைத் தள்ளிப்போடும், தடுக்காது. சன்ஸ்கிரீனை வெயிலில் நிற்கும் காருக்குள் விடலாகாது. குளியலறை அலமாரி நமக்கு வசதி, கிரீமுக்கு ஆகாது.

வாடை மாறினாலோ எண்ணெய் பிரிந்து நின்றாலோ, மாதம் மிச்சமிருந்தாலும் தூக்கிப்போட வேண்டியதுதான். திறந்த தேதியை டப்பாவின் அடியில் எழுதிவைக்காதவர்களுக்கு இந்தக் குறி வெறும் படம்.