கடிதம் முதல் கைபேசி வரை: தேர்ந்து தெளிதலின் கதை



திருத்தணி என்ற பெயர் எப்படி வந்தது என்று நம்ம ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். போர் முடித்த முருகப்பெருமான் சினம் தணிந்து அமர்ந்த மலை இது, அதனால் தணிகை. சினம் தணிந்த பிறகே தெளிவு பிறக்கும் என்பதை ஊர்ப் பெயரிலேயே வைத்திருக்கிறோம். இதே பாடத்தைக் கிறிஸ்தவ மரபு எப்படிக் கற்றது, அதில் தமிழ்நாட்டுக்கு என்ன பங்கு என்று சொல்லவே இக்கட்டுரை.

தமிழ்க் கத்தோலிக்கர் இதற்கு வழங்கும் சொல் 'தேர்ந்து தெளிதல்'. திருக்குறளின் 51ஆம் அதிகாரம் 'தெரிந்து தெளிதல்' என்பது நினைவுக்கு வருகிறதல்லவா? வள்ளுவர் சொல்வது, அரசன் ஆளைச் சோதித்துப் பார்த்து நம்புவதை. கிறிஸ்தவ மரபு சொல்வது, மனிதன் தன் உள்ளத்தில் எழும் எண்ணத்தைச் சோதிப்பதை. இது இறைவன் தந்த எண்ணமா? என் ஆசையா? வெறும் பயமா? கேள்வி இவ்வளவுதான். விடை சொல்வதுதான் கஷ்டம்.

இதற்கு முறை வகுத்தவர்களுள் முதன்மையானவர் ஸ்பெயின் நாட்டு இஞ்ஞாசியார் (1491-1556). 1521இல் பம்ப்லோனா கோட்டைப் போரில் காலில் குண்டடி பட்டுப் படுத்த படுக்கையானார். வீரசாகசக் கதைகள் கேட்டார்; வீட்டில் அவை இல்லை. கிடைத்தவை இயேசுவின் வரலாறும் புனிதர் வரலாறும்தான். படிக்கப் படிக்க ஒன்றைக் கவனித்தார். போரையும் புகழையும் கற்பனை செய்யும்போது இன்பம். ஆனால் முடிந்ததும் மனம் வறண்டு போனது. புனிதர்களைப் பற்றி எண்ணும்போதும் இன்பம். அது முடிந்த பின்பும் நிலைத்தது. எண்ணம் இனிக்கிறதா என்று மட்டும் பார்க்காதே, அது போன பிறகு என்ன மிச்சம் வைத்துவிட்டுப் போகிறது என்று பார். இதுவே அவர் கண்ட அளவுகோல். மனம் சோர்ந்து கலங்கியிருக்கும் வேளையில், முன்பு தெளிவாக எடுத்த முடிவை மாற்றாதே என்றும் விதி செய்தார்.

அவர் தொடங்கிய இயேசு சபையார் உலகெங்கும் சிதறியிருந்தார்கள். ரோமில் உட்கார்ந்தபடி ஏறத்தாழ 7,000 கடிதங்கள் மூலம் அவர்களுக்கு வழிகாட்டினார். ஆக, தொலைவிலிருந்து ஆன்மிக ஆலோசனை தருவது இன்றைக்குப் புதிதாக வந்த சமாச்சாரம் அல்ல! ஆனால் தொலைவுக்கு ஒரு விலை இருந்தது. நம் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய சவேரியாரைத் திரும்பி வரும்படி 1553 ஜூனில் எழுதினார். சவேரியாரோ 1552 டிசம்பரிலேயே சீனக் கரையருகே ஒரு தீவில் காலமாகிவிட்டிருந்தார்.

அடுத்த கதை மதுரையில். 1606இல் அங்கு வந்த இத்தாலியர் ராபர்ட் தே நொபிலி, தத்துவ போதகர் என்ற பெயரில் காவியுடுத்தி வாழ்ந்தார். குடுமி, பூணூல், சந்தனம் முதலியன சமூக வழக்கங்களே, வழிபாடு அல்ல. ஆகவே கிறிஸ்தவரானவர் அவற்றை விடவேண்டியதில்லை என்றார். அதே மதுரையிலிருந்த சக குரு கொன்சாலோ பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். 1619இல் கோவாவில் கூடிய சபையில் பெரும்பாலோர் நொபிலிக்கு எதிராகவே பேசினர். ஆனால் அவர் வாயை யாரும் அடைக்கவில்லை. நூல்களை ஆராய்ந்து, நீண்ட விளக்கங்கள் எழுதி ரோமுக்கு அனுப்பினார். 1623 ஜனவரி 31இல் போப் பதினைந்தாம் கிரகோரி அவ்வழக்கங்களை நிபந்தனைகளோடு அனுமதித்தார்.

அத்தோடு தீர்ந்ததா? இல்லை. வேறு பல மலபார் வழக்கங்கள் பற்றிச் சர்ச்சை கிளம்பி, 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் ஆணை வரை போனது. பூணூலை வெறும் சமூக அடையாளம் என்று ஏற்றதால் சாதிக்கும் இடம் கொடுத்தாயிற்றே என்ற விமர்சனம் இன்றும் நியாயமாகவே எழுகிறது. ஒருமுறை தெளிந்தால் போதும் என்று யாரும் உட்கார்ந்துவிட முடியாது.

நம்ம ஊர்ப் பிள்ளை ஒருவரும் இந்தக் கதையில் உண்டு. 1888இல் இங்கே பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன், திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளி, வேலூர் ஊரீசு கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி என்று மிஷனரிகளிடமே படித்தார். இந்து சமயத்தின் மீது அவர்கள் வைத்த விமர்சனம் அவரைக் கோபத்தில் நிறுத்தவில்லை, ஆராய்ச்சியில் இறக்கியது. 1908இல் வேதாந்தத்தின் அறநெறி பற்றி ஆய்வேடு எழுதினார். அதைப் பாராட்டியவர் அவருடைய கிறிஸ்தவப் பேராசிரியர் ஏ.ஜி. ஹாக்! மாற்றுக் கருத்தை எழுதிய மாணவனை மெச்சிய ஆசிரியரும் தேர்ந்து தெளிந்தவர்தானே.

இனி இன்றைய நிலை. 2020 ஊரடங்கில் ஆலயங்கள் மூடப்பட்டபோது திருப்பலியும் தியானமும் கைபேசிக்குள் வந்தன. அது பெரிய ஆறுதல், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே திரையில்தான் உலகம் முடியும் தேதியும், அற்புதச் செய்திகளும், பிற மதத்தாரைப் பழிக்கும் பேச்சும் வருகின்றன. நாம் எதை விரும்பிப் பார்க்கிறோமோ, அதையே இயந்திரம் மேலும் மேலும் எடுத்து வைக்கிறது. 2022 ஆகஸ்ட் தொடங்கிச் சில மாதங்கள், மறைந்த போப் பிரான்சிஸ் தம் புதன்கிழமை உரைகளில் தேர்ந்து தெளிதலையே எடுத்து விளக்கினார். 2023 மே மாதம் வத்திக்கான், சமூக ஊடகங்களில் நடந்துகொள்ளும் விதம் பற்றித் தனி ஏடே வெளியிட்டது.

அன்று புகாருக்கும் தீர்ப்புக்கும் நடுவே கப்பல் போய்வர ஆண்டுகள் ஆயின. அந்தத் தாமதம் சவேரியார் விஷயத்தில் பயனற்றுப் போனது. நொபிலிக்கோ பதில் சொல்ல அவகாசம் தந்தது. இன்று கப்பல் இல்லை. விரல் தொட்டால் ஒரு மனிதரின் பெயர் நூறு குழுக்களில் கெட்டுவிடும். ஆகவே அந்த அவகாசத்தை நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். தம்பி தங்கைகளே, மனதைக் கொதிக்க வைக்கும் செய்தி வந்தால் ஓர் இரவு அப்படியே இருக்கட்டும். எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்று தேடிப் பாருங்கள். நீங்கள் நம்பும் பெரியவர் ஒருவரை நேரில் பார்த்துக் கேளுங்கள். படித்து முடித்தபின் மனதில் மிஞ்சியது அன்பா, வெறுப்பா என்று பாருங்கள். எந்தச் சமயத்தாருக்கும் இது பொருந்தும். தணிகை மலையடிவாரத்தில் படித்த நமக்கு இது கைவராமல் போகலாமா?

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!