ஈடு என்ன வைக்கிறாய்? திரும்பிவந்த சிப்பாய் குறித்துச் சில குறிப்புகள்

வேப்பூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. விடியுமுன்பே வண்டிகள் வந்துவிடும். வெயில் ஏறுவதற்குள் பேரம் முடிந்து, மடியில் பணத்தோடு சிலர் வங்கி திறக்கக் காத்திருப்பார்கள். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த 2000த்தின் தொடக்க ஆண்டுகளில் அந்த வங்கி வாசலில் துப்பாக்கியோடு ஒருவர் நிற்பார். ஊரில் அவருக்குப் பேர் பட்டாளத்தார். காஷ்மீர்ப் பனியைப் பற்றிக் கேட்டால் அரைமணி நேரம் சொல்வார். ‘சிலோன் போனீங்களாமே’ என்றால் மட்டும் ‘அது டூட்டிப்பா’ என்று வேறுபக்கம் திரும்பிக்கொள்வார். அந்தத் திரும்பலுக்கு அப்போது எனக்கு அர்த்தம் தெரியாது. போர் முடிந்து திரும்பியவர்களைப் பற்றி 1946இல் வந்த ஓர் அமெரிக்கப் படத்தைப் பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதுதான் அவர் நினைவுக்கு வந்தார். படத்திலும் ஒரு வங்கி வருகிறது. ஆனால் அதில் பட்டாளத்துக்காரன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான்.

‘த பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ வில்லியம் வைலர் இயக்கிய படம். ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும். ஏழு ஆஸ்கர் விருதுகள் பெற்றது. இரண்டாம் உலகப்போர் முடிந்து மூன்று பேர் ஒரே விமானத்தில் பூன் சிட்டி என்கிற கற்பனை நகரத்துக்குத் திரும்புகிறார்கள். வங்கி அதிகாரியாக இருந்த அல், ராணுவத்தில் சார்ஜெண்ட். மருந்துக்கடையில் சோடா கலந்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிரெட், விமானப் படையில் கேப்டன். கப்பற்படைக்குப் போன ஹோமருக்குக் கைகள் இரண்டும் இல்லை, கொக்கிகள் மாட்டியிருக்கிறான். யூனிஃபார்மைக் கழற்றியதும் பழைய அடுக்கு தானாகத் திரும்பிவிடுகிறது. சார்ஜெண்ட் மறுபடி அதிகாரி, கேப்டன் மறுபடி கடைப்பையன். பட்டாளத்தில் இருந்த சமத்துவம், அல்லது தலைகீழான அடுக்கு, பட்டாளத்தோடு முடிந்துபோகிறது.

படத்தின் மையம் என்று நான் எடுத்துக்கொள்வது காதல் காட்சிகளை அல்ல, ஒரு கடன் விண்ணப்பத்தை. நோவாக் என்கிற குத்தகை விவசாயி, போரில் இருந்து வந்தவன், சொந்தமாக நிலம் வாங்கக் கடன் கேட்டு அல்லிடம் வருகிறான். ஈடு என்ன வைக்கிறாய் என்பது வங்கியின் கேள்வி. அவனிடம் ஒன்றும் இல்லை. அல் கொடுத்துவிடுகிறான். மேலதிகாரிகள் முகம் சுளிக்கிறார்கள். பிறகு ஒரு விருந்தில் அல் குடித்துவிட்டுப் பேசுகிறான்: ஒரு குன்றைப் பிடிக்கச் சொல்லி உத்தரவு வரும்போது சிப்பாய் ஈடு கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? போகும்போது ஈடில்லாமல் உடம்பைக் கொடுத்தவனிடம் வந்தபிறகு ஈடு கேட்பது என்ன நியாயம் என்பதுதான் அவன் பேச்சின் சாரம்.

அல்லின் இந்தக் கருணைக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது என்பதை மறந்துவிடக்கூடாது. 1944 ஜூன் 22 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம் படை திரும்பியவர்களுக்குப் படிப்புச் செலவும், வேலையில்லாக் காலத்துக்குப் பணமும், வீட்டுக்கும் நிலத்துக்கும் வாங்கும் கடனுக்கு அரசின் உத்தரவாதமும் தந்தது. ஈடு நானே என்று அரசு சொன்னது. ஆனால் கடனைக் கொடுக்கவேண்டியது உள்ளூர் வங்கி. தென்மாநிலங்களில் அந்த வங்கிகள் கறுப்பினத்துச் சிப்பாய்களைப் பெரும்பாலும் வாசலோடு திருப்பி அனுப்பின. அல்லின் மேசைக்கு ஒரு கறுப்பு நோவாக் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று வைலரின் படம் கேட்பதில்லை. மூன்று நாயகர்களும் வெள்ளையர்கள். படத்தின் பெருந்தன்மைக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு.

ஆனாலும் அது துணிந்த படம்தான். ஹோமராக நடித்த ஹெரால்ட் ரஸ்ஸல் நடிகர் அல்ல. 1944 ஜூன் 6 அன்று, நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கிய அதே நாளில், அமெரிக்காவில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது வெடிவிபத்தில் இரண்டு கைகளையும் இழந்தவர். இரவில் கொக்கிகளைக் கழற்றியபிறகு கதவு மூடிக்கொண்டால் தன்னால் திறக்க முடியாது என்று ஹோமர் காதலியிடம் காட்டும் இடத்தில் பரிதாபம் இல்லை, செய்முறை விளக்கம்தான் இருக்கிறது. வேலை போன ஃபிரெட், உடைப்பதற்காக நிறுத்தியிருக்கும் நூற்றுக்கணக்கான போர் விமானங்களுக்கு நடுவே நடந்து, ஒன்றின் மூக்குப் பகுதியில் ஏறி உட்காருகிறான். அரசு விமானத்தையும் கழித்துக்கட்டிவிட்டது, அதில் பறந்தவனையும் கழித்துக்கட்டிவிட்டது. படம் இதைச் சொல்லாமல் காட்டுகிறது.

சரி, அதே போருக்குத்தானே நம்மவர்களும் போனார்கள்? 1945இல் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர். அவர்களைப் பற்றித் தமிழ் சினிமா என்ன செய்தது? போர்க்காலத்தில் கச்சா ஃபிலிமுக்குக் கட்டுப்பாடு. யுத்தப் பிரச்சாரப் படம் எடுக்கச் சொல்லி அரசின் நெருக்குதல். 1945இல் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘பர்மா ராணி’யும், கே. சுப்ரமணியம் ‘மானசம்ரட்சண’மும் எடுத்தார்கள். போருக்கு ஆதரவு திரட்ட நம்மிடம் படம் இருந்தது. திரும்பி வந்தவனைப் பற்றிய படமோ, எனக்குத் தெரிந்து, இல்லை.

ஒரு கால் மட்டும் வந்தது. 1952இன் ‘பராசக்தி’யை நாம் வசனத்துக்காகவே நினைவில் வைத்திருக்கிறோம். அது ரங்கூனில் இருந்து யுத்தத்தால் சிதறிய ஒரு குடும்பத்தின் கதை என்பதை அநேகமாக மறந்துவிட்டோம். அதில் எஸ். எஸ். ராஜேந்திரன் நடித்த ஞானசேகரன் போரில் காலை இழந்து பிச்சைக்காரர்களோடு சேர்கிறான், அவர்களைத் திரட்டுகிறான். அவன் சிப்பாய் அல்ல, அகதி. ஆனால் தமிழ்த் திரையில் ஹோமருக்கு மிக அருகில் வரும் உடம்பு அதுதான். பூன் சிட்டியில் கையிழந்தவனுக்கு அரசின் உதவித்தொகை உண்டு. சென்னையில் காலிழந்தவனுக்குத் தெரு.

திரும்பிவந்த தமிழ்ச் சிப்பாயை நான் பார்த்தது சினிமாவில் அல்ல, நாவலில். ப. சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். 1938இல் வேலைக்காக இந்தோனேஷியாவின் மைடானுக்குப் போய், 1946இல் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் காலம் தள்ளியவர். எழுதிய நாவல்கள் இரண்டே. ‘புயலிலே ஒரு தோணி’யை (1972) நம் சிறுபத்திரிகைகள் தாமதமாகவேனும் கொண்டாடின. அதற்கு முன் வந்த ‘கடலுக்கு அப்பால்’ (1959) அதன் நிழலிலேயே நின்றுவிட்டது. சிப்பாய் திரும்புகிற கதை அதில்தான் இருக்கிறது.

செல்லையா பினாங்கில் வானாயீனாவின் வட்டிக்கடையில் வேலை பார்த்தவன். முதலாளி மகள் மரகதத்தை அவனுக்குக் கொடுப்பதாகத்தான் எண்ணம். இடையில் இந்திய தேசிய ராணுவத்துக்குப் போகிறான். போர் முடிந்து கடைக்கே திரும்புகிறான். வானாயீனாவுக்கு அவன் இப்போது வேறு ஆள். துப்பாக்கி பிடித்த கைக்கு லேவாதேவி ஒத்துவராது, அதற்குப் பணிவு வேண்டும், பொறுமை வேண்டும் என்பது அவர் கணக்கு. மகளை வேறொருவனுக்குத் தரத் தீர்மானிக்கிறார். அவர் கெட்டவர் அல்ல. தொழில் தெரிந்தவர், தன் அளவில் நியாயம் பேசுகிறவர். அதுதான் நாவலை மெலோடிராமாவாக விடாமல் காப்பாற்றுகிறது.

பூன் சிட்டி வங்கியையும் பினாங்கு வட்டிக்கடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அல்லின் வங்கி, முணுமுணுத்துக்கொண்டாவது, போனது போர் என்பதை ஈடாக எடுத்துக்கொள்கிறது. வானாயீனாவின் கடையில் அது வில்லங்கம். அடகு நகையைக் கல்லில் உரசிப் பார்த்து மாற்றுக் குறைவு என்று தள்ளுவதுபோலத் தள்ளிவிடுகிறார்கள். பின்னால் நின்று உத்தரவாதம் சொல்ல அவனுக்கு அரசும் இல்லை. அவன் எந்த அரசுக்காகப் போராடினானோ, 1943 அக்டோபர் 21இல் சிங்கப்பூரில் சுபாஷ் போஸ் அறிவித்த அந்த அரசு, 1945 ஆகஸ்டில் இல்லாமலே போய்விட்டது.

நாவலுக்கு வெளியே நடந்ததும் இதுவே. செங்கோட்டை விசாரணை 1945 நவம்பரில் தொடங்கியபோது நாடே கொதித்தது. ஷா நவாஸ் கான், செகல், தில்லான் மூவரும் வீரர்கள் ஆனார்கள். ஆனால் 1947க்குப் பிறகு சுதந்திர இந்தியாவின் ராணுவம் தேசிய ராணுவத்துக்காரர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆணையை மீறியவன் மீறியவன்தான் என்பது ராணுவத்தின் தர்க்கம். அதற்கு வெள்ளைக்காரன் போனதும் வந்ததும் ஒன்றுதான். விடுதலைப் போராட்டத் தியாகிகளுக்கான மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டம் 1972இல்தான் வந்தது. அங்கும் ஒரு ஜன்னல், ஒரு கேள்வி: சிறையில் இருந்ததற்கு ஆதாரம் எங்கே? மலேயாவில் ரப்பர்த் தோட்டத்தில் இருந்து படையில் சேர்ந்த தமிழ்க் கூலிகள் ஏராளம். படை கலைந்ததும் அவர்களில் பலர் மறுபடி பால்வெட்டும் கத்தியைத்தான் பிடித்தார்கள். காகிதம் வைத்திருப்பது என்பதே ஒரு வர்க்கச் சலுகை என்று அப்போது யாரும் எழுதவில்லை.

இதே கேள்வி இன்னொரு ஜன்னலிலும் கேட்கப்பட்டது. 2015இல் கான் விழாவில் தங்கப்பனை வாங்கிய ‘தீபன்’, ஃபிரெஞ்சுக்காரர் ஜாக் ஓடியார் எடுத்தது, பெரும்பகுதி தமிழில் பேசுவது. போரில் தோற்ற ஒரு புலிப் போராளி செத்துப்போன இன்னொருவனின் கடவுச்சீட்டில், யாரோ ஒரு பெண்ணையும் யாரோ ஒரு சிறுமியையும் குடும்பம் என்று சொல்லிக்கொண்டு பிரான்சுக்குப் போய்ச் சேருகிறான். புறநகர்க் குடியிருப்பு ஒன்றில் காவல்காரன் ஆகிறான். நடித்தவர் ஷோபாசக்தி, இளம்வயதில் இயக்கத்தில் இருந்தவர், ‘கொரில்லா’வின் ஆசிரியர். ரஸ்ஸலுக்குப் பிறகு போரின் தடத்தைத் தன் உடம்பிலேயே கொண்டுவந்து திரையில் நின்ற ஒருவராக அவரைப் பார்க்கிறேன். படத்தின் கடைசிப் பகுதி எனக்கு உடன்பாடில்லை. புலியின் கையில் மறுபடி கத்தியைக் கொடுத்தால்தான் ஐரோப்பியப் பார்வையாளருக்குத் திருப்தி போலிருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் வரும் அகதி விசாரணை மறக்கமுடியாதது. அங்கே கேட்கப்படும் ஈடு ஒரு கதை. செல்லுபடியாகும் கதை வேண்டும். மொழிபெயர்க்க வந்த தமிழரே எந்தக் கதை செல்லும் என்று எடுத்துக்கொடுக்கிறார். பூன் சிட்டியில் போர்க்களத்தில் இருந்தேன் என்று சொன்னால் கடன் கிடைத்தது. இங்கே அதை மறைத்தால்தான் வாழ இடம் கிடைக்கும்.

இப்போது வேப்பூர் வங்கி வாசலுக்கு வருகிறேன். 1987இல் இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது. ஏறத்தாழ 1,200 இந்தியச் சிப்பாய்கள் அங்கே செத்தார்கள். யாழ்ப்பாணத்து மக்கள் பட்டது தனிக் கணக்கு, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு சென்னைக்குத் திரும்பியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்பதற்கில்லை என்பது அவர் நிலை. அரசியலாக அந்த முடிவை இன்றும் நான் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் படையில் தமிழ்ச் சிப்பாய்களும் இருந்தார்கள். வறட்டுக் காட்டை நம்ப முடியாமல், பத்தாவது முடித்துவிட்டு ஆள் எடுக்கும் இடத்தில் வரிசையில் நின்ற பிள்ளைகள். அவர்களை அனுப்பிய டெல்லி, அந்தப் போரைப் பற்றிப் பேச விரும்பவில்லை. அவர்கள் வந்து சேர்ந்த ஊரோ, அது தப்பான போர் என்று முன்பே தீர்ப்புச் சொல்லியிருந்தது.

நாமும், இந்தப் பத்திரிகைகளில் எழுதுகிறவர்களும் வாசிக்கிறவர்களும், அந்தத் தீர்ப்பின் பக்கம்தான் நின்றோம். நின்றது சரி. ஆனால் ஒரு போர் தவறு என்று சொல்லிவிட்டால் அதற்குப் போனவனின் வாக்குமூலத்தைக் கேட்கவேண்டியதில்லை என்று நினைத்தோமே, அது சரியா? ஈழத்தில் இருந்து போராளிகள் எழுதினார்கள், பாதிக்கப்பட்டவர்கள் எழுதினார்கள். அமைதிப்படையில் போன தமிழ்ச் சிப்பாயிடம் அங்கே என்ன பார்த்தாய், என்ன செய்தாய் என்று நாம் கேட்டோமா? கேட்டிருந்தால் குற்ற ஒப்புதலும் வந்திருக்கலாம். டெல்லிக்கு எதிராக நமக்குத் தேவைப்பட்ட சாட்சியமும் அதிலேயே இருந்திருக்கலாம். வானாயீனாவைப்போல நாமும் மாற்றுக் குறைவு என்று தள்ளிவிட்டோம்.

நம் அரசிடம் சட்டம் இல்லாமல் இல்லை. பொதுத்துறை வங்கிகளில் கடைநிலைப் பணிகளில் முன்னாள் படைவீரர்க்கு 24.5 சதவீதம், எழுத்தர் பணிகளில் 14.5 சதவீதம் என்று ஒதுக்கீடு உண்டு. எங்கள் ஊர்ப் பட்டாளத்தாருக்கு வங்கிக்கு உள்ளே போக வழி இருந்தது, வாசல் வரைக்கும். மறுபடி ஒரு துப்பாக்கி. இந்த முறை ஆடு விற்ற பணத்துக்குக் காவல்.

தீபனாக வந்தவனும் பட்டாளத்தாரும் 1988இல் வன்னிக் காட்டில் எதிரெதிரே நின்றிருக்கக்கூடும். ஒருவரைப் பாரிஸ் புறநகரில் காவல்காரர் ஆக்கினார்கள், இன்னொருவரை வேப்பூரில். இரண்டு பேரிடமும் தமிழில் ஒரே கதைதான் பாதிப் பாதியாக இருக்கிறது. பட்டாளத்தார் இப்போது இல்லை. ‘அது டூட்டிப்பா’ என்று அவர் திரும்பிக்கொண்ட அந்த வெள்ளிக்கிழமைகளில், நான் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அவரைப்போல இன்னும் பலர் நம் ஊர்களில் உயிரோடு இருக்கிறார்கள். ஈடு கேட்காமல் போய் உட்கார வேண்டும்.