ஒரே தகட்டில் சுழலும் வெள்ளம்

சாரல் காலத்தில் குற்றாலம் பேரருவிக்கு அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். உச்சியிலிருந்து பாயும் சிற்றாறு நேராகத் தரைக்கு வருவதில்லை. நடுவழியில் பாறை குடைந்து கிடக்கும் பொங்குமாங்கடலில் விழுந்து, சுழன்று, பொங்கி, வேகம் தணிந்த பிறகே நம் தலையில் இறங்குகிறது. கணத்துக்குக் கணம் உருமாறும் அந்த நீரை அசையாத தாளில் கொண்டுவருவது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை தேடிய ஓவியர்களில் ஒருவர், ஒரு புதிய அச்சு முறையையே உருவாக்கியவர்களிலும் ஒருவர். அந்தக் கதைக்குத் தொடக்கம் நம் மலைப்பக்கத்திலேயே இருக்கிறது.

1792இல் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் தென்னாட்டைச் சுற்றி வந்தார்கள். இதே மலைத்தொடரில் குற்றாலத்துக்குத் தெற்கே இருக்கும் பாபநாசம் அருவியை அவர்கள் தீட்டிய படம், 1804இல் லண்டனில் அச்சாகி வெளிவந்தது. உலோகத் தகட்டில் பிசின் பொடி தூவி, அமிலத்தால் அரித்தெடுக்கும் அக்வாடின்ட் முறை அது. நிழலின் அடர்த்தியும் மென்மையும் தகட்டிலிருந்தே தாளுக்கு வந்தன. நிறங்களை நிறைவு செய்யக் கை வேலைதான் துணை.

அச்சுக்கலையில் நிறம் அதற்குப் பிறகும் நெடுங்காலம் சிக்கலாகவே இருந்தது. வழக்கமான முறையில் நிறத்துக்கு ஒரு தகடு செய்து, ஒரே தாளைப் பல முறை அழுத்த வேண்டும். இம்மியளவு விலகினாலும் படம் கெட்டுவிடும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்களில் ஒருவர் கிருஷ்ண ரெட்டி. 1925இல், சித்தூருக்கு அருகே நந்தனூரில் பிறந்தவர். அன்று அது சென்னை மாகாணம். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் பயின்றார். 1947 முதல் 1949 வரை சென்னை கலாக்ஷேத்ராவில் ஓவியப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். பிறகு லண்டன், அங்கிருந்து பாரிஸ். அங்கே ஸ்டான்லி வில்லியம் ஹேய்டர் நடத்திய ‘அத்தலியே 17’ அச்சுக்கூடத்தில், பம்பாயிலிருந்து வந்த கைக்கோ மோத்தியும் ரெட்டியும் ஹேய்டருடன் சேர்ந்து சோதனைகளில் இறங்கினார்கள்.

அவர்கள் கண்டடைந்தது மையின் இளக்கத்தில் ஒளிந்திருந்த ஒரு குணம். ஆளிவிதை எண்ணெய் கூடுதலாகக் கலந்த மை இளகி நிற்கும். குறைவாகக் கலந்தது இறுகியிருக்கும். இளகிய மை பூசிய இடத்தின் மேல் இறுகிய மை உருளையை ஓட்டினால், இரண்டாவது மை அங்கே ஒட்டாது. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குள் நுழைபவர் உடம்பில் முதல் தண்ணீர் வழுக்கி ஓடுவதை நினைத்துக்கொள்ளலாம். ஒரு வேறுபாடு, இங்கே இரண்டுமே எண்ணெய் மைகள்.

இந்தக் குணத்தைப் பயன்படுத்த, தகட்டையே மேடும் பள்ளமுமாக வெவ்வேறு ஆழங்களில் செதுக்கினார்கள். அடி ஆழத்துக் கோடுகளில் முதலில் ஒரு மையை நிரப்பித் துடைப்பார்கள். அடுத்து, கெட்டியான உருளை இளகிய மையுடன் மேடுகளை மட்டும் தொட்டுப் போகும். கடைசியாக, மெத்தென்ற உருளை இறுகிய மையுடன் அழுந்திப் பள்ளங்களுக்குள் இறங்கும். மேட்டில் இருக்கும் மை அதை ஏற்காது. பிறகு தாளை வைத்து ஒரே ஒரு முறை அழுத்தினால் எல்லா நிறங்களும் தத்தம் இடத்தில் பதிந்துவிடும். சிற்பமும் கற்றவர் ரெட்டி. தகடு அவருக்குச் செதுக்க வேண்டிய நிலம்.

1963இல் அவர் செய்த ‘சுழல்’ இந்த முறையின் சிகரங்களில் ஒன்று. அதில் கரை, மரம், மனிதர் எதுவும் கிடையாது. மெல்லிய கோடுகள் வளைந்து வளைந்து நடுவை நோக்கி இழுபடுகின்றன. நிறம் மேலே பூசியதாகத் தெரியவில்லை. கோடுகளுக்கு இடையிலிருந்தே கசிந்து வருகிறது. டேனியல்கள் கரையில் நின்று அருவியைப் பார்த்தார்கள். ரெட்டி பார்வையாளரை நீருக்கு உள்ளேயே இறக்கிவிடுகிறார். நீரின் வடிவத்தை விட்டு அதன் விசையை வரைந்ததுதான் நவீன ஓவியம் நிலக்காட்சிக்குச் செய்த பெரும் மாற்றம்.

தன் முறையை அவர் பூட்டி வைக்கவில்லை. நாடு நாடாகக் கற்பித்தார். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு பணியாற்றினார். செய்முறையை 1988இல் நூலாகவும் வெளியிட்டார். 1972இல் பத்மஸ்ரீ பெற்ற அவர், 2018இல் நியூயார்க்கில் மறைந்தார்.

கண்டுபிடிப்பாளர் என்றால் எந்திரங்களோடு இருப்பவரையே நம் பாடநூல்கள் காட்டுகின்றன. எண்ணெயின் அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்து, ஒரு கலையின் வழியையே திருப்பியவரும் கண்டுபிடிப்பாளர்தான். ஓவிய வகுப்பில் மட்டுமல்ல, அறிவியல் வகுப்பிலும் கிருஷ்ண ரெட்டியின் பெயர் சொல்லப்பட வேண்டும்.

அடுத்த வாரம்: நடராசர் ஓவியமாகவே வழிபடப்படும் குற்றாலம் சித்திர சபைக்குள் நுழைவோம்.

(தொடரும்)