கப்பல் குமட்டலும் அறைத் தெரிவும்

கப்பல் குமட்டல் என்பது கடலின் ஆட்டத்தால் பயணிக்கு வரும் தலைச்சுற்று, குளிர்ந்த வியர்வை, வாயில் நீரூறல், ஓங்காளம், சத்தி ஆகியவற்றின் தொகுப்பு. பஸ், கார், விமானப் பயணங்களில் வரும் குமட்டலும் இதே வகையைச் சேர்ந்தது. உல்லாசக் கப்பலில் இதன் கடுமையைக் கடலின் நிலை, பயணியின் உடல்வாகு, அவர் தங்கும் அறை இருக்கும் இடம் ஆகிய மூன்றும் தீர்மானிக்கின்றன. கடலை யாரும் அடக்க முடியாது. உடல்வாகை ஓரளவுக்கு மேல் மாற்ற முடியாது. அறையை மட்டும் பயணச்சீட்டு எடுக்கும் நாளிலேயே பயணி தெரிவுசெய்துகொள்ளலாம். விலை கூடிய அறை வயிற்றுக்கும் நல்ல அறையாக இருக்கும் என்ற எண்ணம் தவறானது.

கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் உள்ளது. கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வழியில் உள்ள மஹய்யாவ பகுதியில் வாழ்பவர்கள் குமட்டலை முதலில் அறிவது பெரும்பாலும் மலைப்பாதை பஸ்ஸில்தான். அந்தப் பாதைகளில் எந்த இருக்கை நல்லது என்று தீர்மானிக்கும் விதிகளே கப்பலில் எந்த அறை நல்லது என்பதையும் தீர்மானிக்கின்றன.

காரணம்

உட்காதில் இரண்டு வகை உணர்விகள் உள்ளன. மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை திரும்புவதை உணர்கின்றன. நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் படிந்த இரண்டு பைகள் மேல்கீழ் அசைவையும் முன்பின் அசைவையும் உணர்கின்றன. சன்னல் இல்லாத அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் கண், எதுவும் அசையவில்லை என்று மூளைக்குச் சொல்கிறது. அதே நேரத்தில் காது, உடல் ஏறி இறங்குகிறது என்று சொல்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலைத் தூண்டுகிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். உட்காதின் சமநிலை உறுப்பு முற்றாகச் செயலிழந்தவர்களுக்குக் கப்பல் குமட்டல் வருவதில்லை என்பது இதற்கு வலுவான சான்று.

எல்லா ஆட்டமும் ஒரே அளவில் துன்பம் தருவதில்லை. மேலும் கீழுமாக ஏறத்தாழ 5 விநாடிக்கு ஒரு முறை நிகழும் அசைவே வயிற்றை மிக அதிகம் கலக்குகிறது என்று 1970களில் செய்யப்பட்ட பரிசோதனைகள் காட்டின. விரைவான அதிர்வு எரிச்சலூட்டினாலும் குமட்டலை அவ்வளவாகத் தூண்டுவதில்லை. அதனால் இயந்திர அதிர்வு குறைந்த அறையைத் தேடுவதைவிட, மெதுவாக ஏறி இறங்கும் அசைவு குறைந்த அறையைத் தேடுவது பயன் தரும்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது அரிது. பள்ளிப் பருவத்தில் உச்சத்தை அடைந்து, வயது ஏற ஏறக் குறைகிறது. பெண்களுக்கும், குறிப்பாகக் கர்ப்பிணிகளுக்கும், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் அதிகம் வருகிறது.

கப்பலின் அசைவுகள்

கடலில் கப்பல் ஆறு விதமாக அசைகிறது. அறைத் தெரிவுக்கு முக்கியமானவை மூன்று. முதலாவது, முகப்பு உயரும்போது பின்பகுதி தாழ்ந்தும், முகப்பு தாழும்போது பின்பகுதி உயர்ந்தும் நிகழும் நெடுக்காட்டம். இரண்டாவது, இடமும் வலமுமாகச் சாயும் பக்கச்சாய்வு. மூன்றாவது, கப்பல் முழுவதும் ஒருசேர உயர்ந்து தாழும் எழுச்சி.

எழுச்சியிலிருந்து எந்த அறையும் தப்ப முடியாது. மற்ற இரண்டும் இடத்துக்கு இடம் வேறுபடும். சிறுவர் பூங்காவில் உள்ள சீசோவின் நடுவில் இருப்பவர் அசையாதிருக்க, நுனியில் இருப்பவர் ஏறி இறங்குவது போன்றது நெடுக்காட்டம்.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். ஏறத்தாழ 200 மீட்டர் நீளமான கப்பல் ஒன்று 1 பாகை மட்டும் முன்னால் நிமிர்கிறது எனக் கொள்வோம். நடுவிலிருந்து 80 மீட்டர் தள்ளி முகப்பருகே உள்ள அறை 1.4 மீட்டர் உயரும். அடுத்துக் கப்பல் அதே அளவு குனியும்போது சமநிலையிலிருந்து இன்னொரு 1.4 மீட்டர் இறங்கும். நடுவிலிருந்து 10 மீட்டர் தள்ளியுள்ள அறையோ 17 சென்ரிமீட்டரே உயரும். ஒரே கப்பல், ஒரே அலை, ஒரே நேரம்; ஆட்டம் மட்டும் எட்டு மடங்கு வேறுபடுகிறது.

பக்கச்சாய்வில் உயரம் முக்கியம். கப்பல் 2 பாகை சாயும்போது, சாய்வின் அச்சிலிருந்து 30 மீட்டர் மேலே உள்ள தளத்தில் இருப்பவர் ஒரு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் நகர்கிறார். கீழ்த்தளத்தில் இந்த நகர்வு மிகச் சிறியது.

நவீன உல்லாசக் கப்பல்களில் நீருக்கடியில் இருபுறமும் துடுப்பு போன்ற நிலைப்படுத்திகள் உண்டு. அவை பக்கச்சாய்வைப் பெருமளவு குறைக்கின்றன. நெடுக்காட்டத்தை அவற்றால் குறைக்க முடிவதில்லை. எனவே கப்பலில் நிலைப்படுத்தி இருக்கிறது என்று விற்பனையாளர் சொல்வதை நம்பி முகப்பு அறையை எடுக்கக் கூடாது.

அறையைத் தெரிவுசெய்தல்

முதல் விதி, கப்பலின் நீளத்தில் நடுப்பகுதி. பெரும்பாலான கப்பல்களில் நெடுக்காட்டத்தின் மையம் சரி நடுவிலிருந்து சற்றுப் பின்னால் இருக்கும். நடுவில் இடம் கிடைக்காவிட்டால் முன்னால் போவதைவிடப் பின்னால் போவது நல்லது. ஆனால் கடைசிப் பின்முனையில் ஆட்டத்தோடு உந்துவிசிறியின் அதிர்வும் சேரும்.

இரண்டாவது விதி, தாழ்ந்த தளம். நீச்சல் குளமும் உணவுக்கூடமும் உள்ள மேல் தளங்களுக்கு அடுத்த அறைகள் காட்சிக்கு அழகானவை. பக்கச்சாய்வை அதிகம் உணர்வதும் அங்கேதான்.

மூன்றாவது விதி, வெளிச்சமும் தொடுவானமும். தொடுவானம் அசையாத கோடாக நிற்பதால் கண்ணும் காதும் ஒரே செய்தியைத் தருகின்றன. ஆகவே கீழ்த்தளத்தில் நடுப்பகுதியில் சன்னல் உள்ள அறை பெரும்பாலோருக்கு மிகப் பொருத்தமானது. சன்னல் இல்லாத உள்ளறை, கப்பலின் நடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் பக்கச்சாய்வின்போது ஏறி இறங்குவது குறைவு. ஆனால் விழித்திருக்கும் நேரத்தில் பார்க்கத் தொடுவானம் இல்லை. பகல் முழுவதும் திறந்த தளத்தில் இருந்து, தூங்குவதற்கு மட்டும் அறைக்கு வருபவருக்கு உள்ளறை போதுமானது. மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிய நிலையில் குமட்டல் பொதுவாகக் குறையும்.

இதில் சிக்கனமாகப் பயணம் செய்பவருக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. பல கப்பல்களில் கீழ்த்தள அறைகளே மலிவானவை. மேல் தளத்தில் முகப்பை நோக்கிய சொகுசு அறையோ பல மடங்கு விலையுள்ளது. கடல் கொந்தளிக்கும்போது மிக அதிகம் ஆடுவதும் அதுவே.

கப்பல் நிறுவனங்கள் ஒவ்வொரு கப்பலுக்கும் தளப் படம் வெளியிடுகின்றன. பல கப்பல்களில் அறை எண்ணின் முதல் இலக்கம் அல்லது இரண்டு இலக்கங்கள் தளத்தைக் குறிக்கும். எஞ்சியவை பெரும்பாலும் முகப்பிலிருந்து பின்னோக்கி ஏறிச் செல்லும். எண்ணை மட்டும் நம்பாமல், படத்தில் முகப்பு நுனிக்கும் பின்முனைக்கும் நடுவே விரலை வைத்துப் பார்ப்பதே நிச்சயமான வழி. சில சலுகைச் சீட்டுகளில் அறையைப் பின்னர் நிறுவனமே ஒதுக்கும். குமட்டல் வரும் உடல்வாகு உள்ளவர் அந்தச் சலுகையைத் தவிர்க்க வேண்டும்.

கப்பலின் அளவும் கணக்கில் சேரும். ஒரே கடலில் நீளமான, கனமான கப்பல் சிறிய கப்பலைவிடக் குறைவாக ஆடும்.

மலைப்பாதையில் அதே விதி

கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கும், உடுதும்பறை வழியாக மஹியங்கனைக்கும் செல்லும் பாதைகள் வளைவுகளுக்குப் பெயர்பெற்றவை. மஹியங்கனைப் பாதையின் ‘பதினெட்டு வளைவு’, பாதை அகலமாக்கப்பட்டு ஒரு வளைவு குறைந்த பிறகும் அதே பெயரால் வழங்குகிறது. இப்பாதைகளில் ஓடும் பஸ்களில் பின்சக்கரங்களுக்குப் பின்னால் உடல் நீண்டிருக்கும். கடைசி வரிசையில் இருப்பவர் வளைவில் வெளிப்பக்கம் வீசப்படுகிறார், குழியில் தூக்கிப் போடப்படுகிறார். முன்னால் இருப்பவர்களின் தலைகள் பாதையை மறைக்கின்றன. ஷொப்பிங் பேக்கைக் கையில் பிடித்தபடி சன்னலில் தலை சாய்த்திருப்பவர்கள் அங்கே அதிகம்.

இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடையில், முன்பாதியில், வரப்போகும் வளைவு தெரியும் இருக்கையே நல்லது. வளைவை முன்கூட்டியே பார்ப்பவரின் உடல் அதற்குத் தயாராகிவிடுகிறது. சாரதிக்குக் குமட்டல் அரிதாகவே வருவதும் இதனால்தான். பஸ்ஸில் முன்பகுதி நல்லது என்ற பழக்கத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோகக் கூடாது: பஸ்ஸின் முன்பகுதி பாதையைக் காட்டுகிறது, கப்பலின் முகப்பு அறை அலையின் முழு வீச்சையும் வாங்குகிறது. இரண்டிலும் மாறாதவை, ஆட்டத்தின் மையத்துக்கு அருகில் இருத்தலும் வெளியே பார்த்தலும்.

பஸ்ஸில் சத்தி எடுப்பவர் பலர் கோச்சியில் சுகமாகப் போய்வருகிறார்கள். 1867இல் கண்டிக்கும், 1880இல் மஹய்யாவ வழியாக மாத்தளைக்கும் வந்த ரயில் பாதைகளின் வளைவுகள் வீதி வளைவுகளைவிட அகலமானவை, வேகமும் குறைவு. அங்கும் போகும் திசையை நோக்கிய சன்னலோர இருக்கையே சிறந்தது.

இலங்கைக் கடலும் பருவமும்

தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை கொழும்பு, காலி, அம்பாந்தோட்டைக் கடல்கள் கொந்தளிக்கும். வடகீழ் பருவக்காற்றுக் காலத்தில் திருகோணமலைப் பக்கமும் வங்காள விரிகுடாவும் கொந்தளிக்கும். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை அங்கே புயல்களும் உருவாகும். மார்ச், ஏப்ரல் மாதங்கள் பொதுவாக அமைதியானவை.

ஏறத்தாழ 211 மீட்டர் நீளமான ‘எம்பிரஸ்’ என்ற உல்லாசக் கப்பல் 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கு வரத் தொடங்கியது. ஒரே பயணத்தில் தென்கரையின் கொந்தளிப்பையும் கிழக்கின் அமைதியையும் காணும் இத்தகைய வழித்தடத்தில் அறையின் இடம் கூடுதல் கவனம் பெற வேண்டும்.

நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான பயணிகள் படகுச் சேவை 2023 ஒக்டோபர் 14 அன்று தொடங்கி, பருவமழையால் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. 2024 ஓகஸ்ட் 16 அன்று ‘சிவகங்கை’ படகுடன் மீண்டும் தொடங்கியது. இத்தகைய சிறு படகில் அறைகள் இல்லை, இருக்கைகளே உண்டு. நடுவில், கீழ்த்தட்டில், சன்னலுக்கு அருகில் என்ற அதே தெரிவு இங்கும் செல்லும். பாக்கு நீரிணை ஆழமற்றது. காற்று எழும்போது குறுகிய, நெருக்கமான அலைகள் விரைவில் உருவாகும்.

மலையகத் தமிழருக்கு இந்த நீரிணை வெறும் சுற்றுலாப் பாதை அல்ல. 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடியது. 1964 டிசெம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் சேவை இராமேசுவரத்துக்கு மாறி, 1980களில் போரால் நின்றது. 1964 ஒக்டோபர் 30 அன்று கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள், மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று அழைத்த ரயில்களில் தலைமன்னாருக்குப் போய் ‘இராமானுஜம்’ கப்பலில் ஏறின. இடத்தைத் தெரிவுசெய்யும் வாய்ப்பு அவர்களுக்கு இருக்கவில்லை.

உணவும் மருந்தும்

புறப்படுவதற்கு முன் மதுவையும் எண்ணெய் மிகுந்த உணவையும் தவிர்த்து, சிறிதளவு உண்பது நல்லது. வெறும் வயிறும் துன்பம் தரும். ஓடும் வாகனத்தில் கைபேசி பார்ப்பதும் வாசிப்பதும் குமட்டலைக் கூட்டும். இஞ்சி சிலருக்கு உதவுகிறது; அதற்கான சான்று மிதமானது. தேசிக்காயை முகர்வது மனத்துக்கு ஆறுதல் தரும்.

டைமென்ஹைட்ரினேட், சினரிசின், புரோமெத்தசின், காதின் பின்னால் ஒட்டும் ஹையோசின் ஆகியவை பயன்படும் மருந்துகள். இவற்றைக் கப்பல் ஆடத் தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும். சத்தி தொடங்கியபின் விழுங்கும் மாத்திரை சரியாக உறிஞ்சப்படாது. தூக்கம், வாய் உலர்தல் ஆகிய பக்கவிளைவுகள் உண்டு. கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் சிறுநீர் தடைப்படும் முதியவர்களுக்கும் ஹையோசின் ஏற்றதல்ல. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் புரோமெத்தசின் கொடுக்கக் கூடாது. கர்ப்பிணிகள் எந்த மருந்துக்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். பெரும்பாலோரின் உடல் இரண்டு மூன்று நாட்களில் கடலுக்குப் பழகிவிடும்.

மருந்து எடுப்பவரும் அறையின் இடத்தை அலட்சியம் செய்யக் கூடாது. பணம் கட்டும் முன் தளப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்தில், இயன்றால் சன்னலோடு ஓர் அறையைக் குறித்து, அந்த எண் சீட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்தபின் கையொப்பமிடுங்கள்.