மாற்றுத்திறன் குழந்தைகளின் தாய்மாரும் ஆன்மிகமும் (கொச்சி)

கொச்சியின் வைட்டிலாவிலிருந்து எளிதில் சென்றுவரக்கூடிய சோற்றானிக்கரை பகவதி கோயில் மனநோய் தீர வேண்டுவோருக்குப் பெயர்பெற்றது. 1752இல் படகு கவிழ்ந்து, மாதாவிடம் வேண்டித் தன் பிள்ளையோடு உயிர்தப்பிய மீனாட்சியம்மாவின் தொன்மத்தைக் கொண்ட வல்லார்பாடம் தேவாலயத்துக்கு எல்லா மதத்தாரும் வருகின்றனர். குறைபாடுள்ள பிள்ளையை வளர்க்கும் தாய்க்கு இத்தகைய நம்பிக்கை நலம் தருமா என்றால், எந்த வகை நம்பிக்கை என்பதைப் பொறுத்தது. அமெரிக்க உளவியலாளர் கென்னத் பர்கமென்ட் இரண்டைப் பிரித்தார்: இறைவனைத் துணையாகக் கொள்வது மனநலத்தோடும், துன்பத்தைத் தண்டனையாகக் காண்பது மனச்சோர்வோடும் சேர்ந்தே காணப்படுகின்றன. 'முன்வினை' என்ற உறவினரின் ஒரு சொல் இரண்டாம் வகையை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடும்; பழி பெரும்பாலும் தாய்மேல்தான் விழுகிறது.

சோர்ந்த தாய் கோயிலுக்கே போகமாட்டாள், ஆகவே காரணமும் விளைவும் தலைகீழாக இருக்கலாம் என்ற மறுப்பு வலுவானது. ஒரே சமயத்தில் எடுத்த கணக்கெடுப்புகளால் அதைத் தள்ள முடியாது. பக்தி அரசின் கடமையை மறைக்கிறது என்ற மறுப்பு பாதியே சரி. வழிபாடு தரும் மனிதத் துணையை உதவித்தொகை தராது; பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தை வழிபாடு தராது. கேரளத்தில் அவ்விடத்தை, 2004இல் வெங்ஙானூரில் தொடங்கிய 'பட்ஸ்' எனும் சிறப்புப் பள்ளிகள் தருகின்றன. முழுநேரப் பராமரிப்பாளருக்கான அரசின் 'ஆஸ்வாசகிரணம்' உதவித்தொகைத் திட்டத்தில் நெடுங்காலம் மாதம் 600 ரூபாய்தான். ஒருநாள் கூலிக்கும் ஈடாகாத தொகை.