எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்



இருவர் ஓயாது ஒருவரையொருவர் குறை கூறிக்கொண்டிருந்தால், அவர்கள் 'லாவணி பாடுகிறார்கள்' என்று இகழ்ந்துரைப்பது இன்று வழக்காகிவிட்டது. ஆனால் லாவணி வீண் பூசல் அன்று. இருவர் எதிரெதிரே அமர்ந்து, அறிவும் இசையும் கலந்து நிகழ்த்திய சொற்போர் அது. அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

லாவணி மராட்டிய நாட்டில் தோன்றிய இசை வகை. அங்கே அதனைப் பாடியோருள் கல்கி, துரா என்னும் இரு கட்சியினர் இருந்தனர். சக்தியே பெரிது என்பது கல்கிக் கட்சி; சிவமே பெரிது என்பது துராக் கட்சி. 1676-இல் ஏகோஜி தஞ்சையில் மராட்டியர் ஆட்சியை நிறுவினார். 1855 வரை நிலைத்த அவ்வாட்சிக் காலத்தில் இக்கலை காவிரி நாட்டில் வேரூன்றியது. மராத்தி மொழி லாவணிச் சுவடிகள் தஞ்சைச் சரசுவதி மகால் நூல் நிலையத்தில் இன்றும் உள்ளன.

வந்த கலை வந்தபடியே நிற்கவில்லை. தமிழ் பேசக் கற்றுக்கொண்டது. மாசி மாதத்துக் காமன் பண்டிகையோடு அது இணைந்தது. வளர்பிறை நாட்களில் ஆமணக்கு, கரும்பு முதலியவற்றைச் சேர்த்து நட்டு, அதனையே காமனாகப் பாவித்து, பௌர்ணமியை ஒட்டி எரிப்பது ஊர் வழக்கம். சிவபெருமான் காமனை எரித்த தலமாகச் சொல்லப்படும் திருக்குறுக்கை, மயிலாடுதுறைக்கு அண்மையிலேயே உள்ளது. எனவே அக்கதை இப்பகுதி மக்களுக்கு ஊர்க்கதை போன்றதாயிற்று. 'காமன் எரிந்தானா, எரியவில்லையா?' என்பதே லாவணியின் வழக்காகவும் ஆயிற்று.

எரிந்த கட்சிக்காரர், நெற்றிக்கண்ணின் நெருப்பையும் எஞ்சிய சாம்பலையும் சான்று காட்டுவார். எரியாத கட்சிக்காரரோ, இரதியின் வேண்டுகோளுக்கு இரங்கி, அவள் கண்ணுக்கு மட்டும் புலப்படுமாறு காமனை இறைவன் உயிர்ப்பித்ததை எடுத்துரைப்பார். 'இரதி காணும் கணவனை இல்லையென்று எவ்வாறு கூறுவீர்?' என்று வினவுவார். இரு கட்சிக்கும் ஒரே புராணமே ஆதாரம்! ஆதலால் இவ்வழக்கு ஆண்டுதோறும் புதிதாக நடந்தது.

பண்டிகை சில நாட்களே. ஆயத்தமோ ஆண்டு முழுவதும். கந்தபுராணம், இராமாயணம், பாரதம் ஆகியவற்றைப் பாடகர் மனத்தில் நிறுத்தவேண்டும். எதிராளி எக்கதையிலிருந்து வினா எழுப்புவார் என்பது தெரியாதன்றோ? மேடையில் டேப்பு என்னும் தோற்கருவி தாளம் கூட்டும். ஒற்றை நரம்புடைய துந்தினா சுருதி காக்கும். ஒருவர் பாடி முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்து, அதே தாளத்தில் அப்போதே விடை புனைந்து பாடுவார். விடை பொருந்தாவிடின், சுற்றியிருக்கும் ஊராரே நகைத்துவிடுவர்.

இளமையில் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இத்தகைய லாவணிகளைக் கேட்டிருக்கிறேன். பின்னர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில், வினா விடுக்கும் முறை பற்றிப் பாடம் கேட்டேன். நல்ல வினா மாணவனைச் சிந்திக்கத் தூண்ட வேண்டும். விடையை முழுதும் கேட்டபின்பே அடுத்த வினாவைத் தொடுக்க வேண்டும் என்றனர். எழுத்தறிவு மிகுதியாக இல்லாத அப்பாடகர்கள் இவ்விரு விதிகளையும் ஒரு போதும் மீறியதில்லை என்பது அப்போது என் நினைவுக்கு வந்தது.

பிற்காலத்தில் லாவணி அரசியல் மேடைகளிலும் ஒலித்தது. திரைப்படமும் ஒலிபெருக்கியும் ஊர்களை அடைந்தபின், விடியும்வரை அமர்ந்து கேட்போர் குறைந்தனர், பாடுவோரும் குறைந்தனர். கலை தேய, அதன் பெயர் மட்டும் வசைச் சொல்லாக எஞ்சியது.

மாணவர்களே! உங்கள் ஊர்ப்பக்கத்தில் லாவணி அறிந்த முதியவர் எவரேனும் இருப்பின், அவரை நாடிச் சென்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். எதிர்க்கட்சி இல்லையேல் தம் பாட்டும் இல்லை என்பதை அப்பாடகர் இருவரும் அறிந்திருந்தனர். அதனால்தான் இரவெல்லாம் வாதிட்ட பின்னும் அவர்களால் மறு ஆண்டு மீண்டும் எதிரெதிரே அமர முடிந்தது.