கரண்டு வருகிறதா, பெட்ரோல் வருகிறதா?

சித்தன்னவாசலின் ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியங்களைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறோம். அதை அடுத்துள்ள அன்னவாசல் போன்ற சிற்றூர்களில், கிளம்ப மறுக்கும் அம்பாசடர் காரின் நோயறிந்த மெக்கானிக்குகளின் கலை எழுத்தில் அரிதாகவே பதிவாகியிருக்கிறது.

அக்கலையின் வேர் அமெரிக்காவில் உள்ளது. பேட்டரி மின்சாரத்தைப் பாயிண்ட், காயில் வழியே தீப்பொறியாக்கும் முறையைச் சார்லஸ் கெட்டரிங் 1910ஐ ஒட்டிக் காடிலாக் கார்களுக்காக வடிவமைத்தார். 1912 மாடலில் அவரது மின் ஸ்டார்ட்டரும் வந்தது. நம் பட்டறை வழக்கில் அது ‘செல்ஃப்’.

செல்ஃப் சுற்றாவிட்டால் முதலில் பேட்டரியையும் அதன் முனைகளையும் பார்ப்பார்கள். சுற்றியும் எஞ்சின் பிடிக்காவிட்டால் இரண்டே கேள்விகள்: கரண்டு வருகிறதா, பெட்ரோல் வருகிறதா? கழற்றிய பிளக்கை எஞ்சினின் உலோகத்தில் படவைத்துச் செல்ஃப் அடித்தால் பொறி தெரியவேண்டும். தெரியாவிட்டால் சந்தேகம் பாயிண்ட் மீதும் கண்டன்சர் மீதும் விழும். பாயிண்ட் விரியும் இடைவெளி ஏறக்குறைய 0.4 மி.மீ.தான், அது கருகினாலோ பிசகினாலோ பொறி இல்லை. பொறி இருந்தால் கார்புரேட்டரை நோக்கவேண்டும். பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் மிகை, உலர்ந்திருந்தால் வரத்தில்லை. கோடையில் குழாயை ஆவி அடைத்துக்கொண்டால் பம்பின்மேல் ஈரத்துணி.

அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றது. புதிய கார்களில் பழுதின் குறியெண்ணைக் கணினியே காட்டுகிறது. கருவிகள் மாறுவது இயல்பு. ஆனால் ஒவ்வொன்றாக விலக்கி உண்மையை நெருங்கும் தருக்கத்தைப் பள்ளியில் அன்றிப் பட்டறையில் கற்றவர்களின் மொழி அது. கரிசல் மக்களின் சொற்களுக்குக் கி. ராஜநாராயணன் 1982இல் அகராதி தந்தார். பட்டறைச் சொற்களை, அவற்றைப் பேசியவர்கள் இருக்கும்போதே தொகுக்கவேண்டாமா?